ஒன்றேகால் அங்குலம்

பிரிட்ஜ்வாட்டரில் சபரிநாதன் வாங்கிய வீட்டோடு ஒரு மழைமானியும் வந்தது. பழைய வீட்டுக்காரர் அறுபத்திரண்டு வருடம் தினமும் காலை ஏழு மணிக்கு மழையை அளந்து, பனி விழுந்தால் உருக்கி அளந்து, வானிலை அலுவலகத்துக்கு அனுப்பியவர். சபரியும் நாலு வருடமாக ஒருநாள்கூட விடவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ஆபீஸில் யாராவது தப்புக் கண்டுபிடித்தால் சிரித்துக்கொண்டு போய்விடுவான். மழைக்கணக்கில் கை வைத்தால் முகம் மாறிவிடும்.

அந்த வியாழக்கிழமை மழைமானியின் தகர டப்பாவுக்குள் அளவுகுச்சியை விட்டு எடுத்தான். ஒன்றேகால் அங்குலம். முந்தின நாள் முழுக்க அவன் நியூயார்க்கில். ரயிலில் திரும்பும்போதும் மழை சாத்திக்கொண்டுதான் இருந்தது. இப்போது புல்தரை சொதசொதவென்று காலை உள்ளே இழுத்தது. வேலிக்கு அப்பால் ஓடை என்றும் இல்லாத சத்தம் போட்டது. அவனுக்கும் என்னவோ போலிருந்தது. இருந்தாலும் குச்சி சொல்வதுதானே அளவு, அதையே அனுப்பிவிட்டான்.

பத்து நிமிடத்தில் வானிலை அலுவலகத்துப் பெண் கூப்பிட்டாள். ரேடாரில் ஐந்து அங்குலத்துக்கு மேல் தெரிகிறதே, அங்கே எப்படி இருக்கிறது என்று தணிவாகத்தான் கேட்டாள். சபரிக்குச் சுருக்கென்றது. தன் கையால் அளந்தது, மாற்றமில்லை என்று வைத்துவிட்டான்.

மகள் அனன்யாவைக் கார் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டே மனைவி சண்முகப்ரியா கேட்டாள். "டேகேருக்கு ஆத்தோர ரோட்ல போலாமா? இல்ல ஃப்ரீவே எடுக்கட்டுமா?"

"ஒரு இன்ச் சொச்சம்தான் பேஞ்சிருக்கு. ஆத்தோரமாவே போ. ஃப்ரீவேல டிராஃபிக்ல மாட்டிப்ப."

அவள் கிளம்பிப் போனாள். காபி டம்ளரோடு மாமனார் நஞ்சப்பன் வந்தார். கோபியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருப்பவர். சும்மா உட்கார அவருக்கு வராது.

"மாப்ள, அந்தத் தகர டப்பாவ மூடி வைக்கக் கூடாதுங்களா? நேத்து சாயங்காலம் பாத்தா உள்ள தண்ணி நிக்குது. நம்மூர்ல இப்படி விட்டா டெங்கு செக் பண்றவங்க ஃபைன் போட்டுருவாங்க. கவுத்து ஊத்திட்டு, உள்ள இருந்த கொழாயவும் தொடச்சு, இருந்தாப்பலயே வெச்சுட்டனுங்க."

"எவ்ளோ இருந்துச்சு மாமா?"

"அது இருந்துச்சுங்க, நாலு சொம்பு."

நாலு சொம்பு என்றால் நாலு அங்குலத்துக்குக் குறையாது என்று சபரி கணக்குப் போட்டான். பெரியவர் மேல் கோபம்கூட வரவில்லை. அந்தப் பெண் கேட்டாளே, அப்போதாவது ஓடையின் சத்தத்தைச் சொல்லியிருக்கலாம். மனைவியின் நம்பரைத் தட்டினான்.

"ப்ரியா, எங்க இருக்க? உடனே திரும்பு."

"பாலத்துக்குக் கீழ இருக்கேங்க. ரோட்ல தண்ணி நிக்குது. முன்னாடி போன ரெண்டு காரும் பயந்துட்டு யூ-டர்ன் பண்ணிட்டாங்க. நீங்கதான் அளந்து பாத்துட்டுச் சொன்னீங்களே, அதான் நான் தைரியமா இறக்கிட்டேன். ஏங்க, ஸ்டியரிங் என்னவோ லேசாயிருக்கு."

பின் சீட்டிலிருந்து அனன்யா சந்தோஷமாகச் சிரிப்பது கேட்டது.

"அம்மா, வி ஆர் ஃப்ளோட்டிங்."