மூன்று தொட்டிகளில் வைத்த படிக்கட்டு

எங்கள் ஊரில் மாடிப்படிகளை விதை போட்டுத்தான் வளர்க்கிறோம். என் தங்கை கோதை குடியிருக்கும் மூன்றாவது மாடியின் படிக்கட்டு இந்தச் சித்திரை வெயிலில் அடியோடு பட்டுப்போய்விட்டது. அவளுக்கோ நிறைமாதம். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் ஏணி வைத்து மேலே போய் அவளோடு இருந்தேன். ஏணி ஏறுவதற்கு மட்டும்தான். இறங்கலாம் என்று காலை வைத்தால் கம்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனிடம் மல்லுக்கட்டி யாரும் ஜெயித்ததில்லை.

கீழே அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி படி விதை வாங்கி வந்து நட்டார். ஒரே தொட்டியில் நட்டிருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கவே மாட்டேன். மனுஷர் வேளாண் பண்ணையில் வேலை பார்க்கிறவர், ஒப்பிட்டுப் பார்க்காமல் பல்கூட விளக்கமாட்டார். செம்மண்ணில் ஒன்று, தேங்காய் நார்த்தூளில் ஒன்று, மரத்தூளில் ஒன்று என்று மூன்று தொட்டி வைத்தார். மூன்றுக்கும் ஒரே வெயில், ஒரே அளவு தண்ணீர்.

மரத்தூளில் படியே வரவில்லை, வெறும் கைப்பிடி மட்டும் வளைந்து வளைந்து வந்தது. செம்மண்ணில் படிகள் கல்லு மாதிரி வந்தன, ஆனால் முழங்கால் உயரத்தோடு சரி. நார்த்தூளில் போட்டதுதான் மளமளவென்று ஏறி இரண்டாவது மாடி ஜன்னலைத் தொட்டது.

“ஏனுங்க மாப்பிள்ளை, தண்ணி பூராத்தையும் அதுக்கே ஊத்துங்க,” என்று மேலிருந்து கத்தினேன்.

“மூணுக்கும் சமமா ஊத்தலைன்னா ஒப்பீடு கெட்டுப்போயிருங்க அக்கா,” என்றார் மரியாதையாக.

வந்த ஆத்திரத்துக்கு அம்மிக்குழவியைத் தூக்கிப் போட்டிருப்பேன். கோதை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் அவளுக்கு வலி எடுத்தது. நார்த்தூள் படிக்கட்டும் அந்நேரத்துக்கு எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது. கீழே ஆட்டோ நின்றது. படி மெத்துமெத்தென்று இருந்ததால் இரண்டு ஆளைத் தாங்காது. அவளை மட்டும் அனுப்பிவிட்டு நான் வாசலில் நின்றேன்.

கோதை ஒரு படி இறங்கினாள். அடியில் வேரிலிருந்து புதுப்படி ஒன்று முளைத்து மொத்தத்தையும் மேலே தள்ளியது. இன்னொரு படி இறங்கினாள். இன்னொன்று முளைத்தது. படிக்கட்டின் நுனி மொட்டை மாடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் இறங்க இறங்க என் முகத்துக்கு நேராகவே இருந்தாள்.

“அக்கா, கீழ போறேனா?” என்றாள். கண்ணை மூடியிருந்தாள்.

“போயிட்டுத்தான் இருக்கே தங்கம்,” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

வேரை வெட்டினால் அவள் விழுவாள். தண்ணீரை நிறுத்தினாலும் நார்த்தூள் குடித்த ஈரம் லேசில் காயாது. எனக்குக் கத்திரி நாற்று ஞாபகம் வந்தது. பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் அது ஒரு நாளாவது தலை சாய்ந்து கிடக்கும்.

“மாப்பிள்ளை, அதைப் பிடுங்கிச் செம்மண் தொட்டியில வைங்க.”

“அக்கா, அப்படிப் பண்ணினா அப்புறம் எதையும் ஒப்பிட்டு…”

கோதை பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அவர் செம்மண்ணில் இருந்ததை இழுத்துச் சந்தில் எறிந்தார். நார்த்தூள் படிக்கட்டைக் கட்டிப்பிடித்து, கோதையோடு சேர்த்து வேர் அறுபடாமல் தூக்கி வைத்து, அழுதுகொண்டே சுற்றிலும் மண்ணை அழுத்தினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். கோதையின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

பிறகு படிக்கட்டு வாடத் தொடங்கியது. நடுவில் துவண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, அவளை இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோனது, முதல் மாடிக்குக் கொண்டுபோனது, கேட்டைத் தாண்டி ஆட்டோவின் பின்சீட்டில் உட்காரவைத்தது. ஈஸ்வரமூர்த்தி மண்கையோடு ஏறிக்கொண்டார். வண்டி போய்விட்டது. விடியும்வரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விடிந்ததும் போன் வந்தது. பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம்.

அவர்கள் திரும்பி வந்த அன்றைக்கும் படிக்கட்டு தலை தூக்கியிருக்கவில்லை. கோதை தெருவில் நின்று துணியை விலக்கிப் பிள்ளையைக் காட்டினாள். அவ்வளவு உயரத்திலிருந்து மூக்கும் முழியும் தெரியவில்லை. கையை நீட்டினேன். கை இரண்டாவது மாடியைத் தாண்டியது. முதல் மாடி அம்மா கொடியில் காய்ந்த சேலையை ஒதுக்கி வழிவிட்டு, “வளையல் மாட்டிக்கப் போகுது, பாத்துங்க,” என்றார். விரல் கன்னத்தில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளை என் சுண்டுவிரலைப் பிடித்தபடி தூங்கிவிட்டது, அதனால் கையை அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன்.