லாரியிலிருந்து நீட்டிய பத்திரிகை

செல்லக்கண்ணு செருப்பைக் கழற்றியது சித்திரை மாதத்தில். அந்த வெயிலில் அரியலூரில் வெறுங்காலோடு நடப்பவர் தீ மிதிக்க விரதம் இருப்பவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் செல்லக்கண்ணுவாக இருக்க வேண்டும்.

நானும் அவரும் ஒரு சிமென்ட் ஆலையின் கேட்டில் செக்யூரிட்டி. நான் காலேஜைப் பாதியில் விட்டவன். அவர் பத்தாவதைத் தாண்டாதவர். ராத்திரி ஷிப்டில் தூக்கத்தை விரட்ட நான் பீடி குடித்தேன், அவர் ராஜா கதை படித்தார். வார இதழ்களில் வந்த தொடர்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். அந்தக் கதைகளில் ஓர் இளவரசன் அவமானப்பட்டால் சபதம் எடுப்பான். அது நிறைவேறுவதற்குள் ஒரு நாடே எரிந்துபோகும். எரிந்தது யாருடைய வீடு, யாருடைய வயல் என்று எந்த அத்தியாயத்திலும் வராது. செல்லக்கண்ணுவும் கேட்டதில்லை. விக்கிரமங்கலத்தில் பிறந்ததால் தனக்கும் கொஞ்சம் சோழ ரத்தம் ஓடுவதாக அவருக்கு நினைப்பு. அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, அடுத்த வருஷமே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தபோது, தன் கோட்டையைப் பிடுங்கிவிட்டதுபோல ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். அரசாங்கத்துக்கு அது தெரியவில்லை.

அவமானம் நடந்தது இப்படி. அவருடைய ஒரே தங்கை வெற்றிச்செல்வியைத் திருமானூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் புருஷன் கலைச்செல்வன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவன். மகள் பிரவீணாவுக்குச் சிறுவாச்சூர் கோயிலில் காது குத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட வெற்றிச்செல்விக்குப் பிறந்த வீடு என்று காட்ட இந்த அண்ணன் ஒருவர்தான் இருந்தார். மாமனை வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அழைப்பதுதான் முறை. கலைச்செல்வனோ லோடு கொண்டுவந்த லாரியைக் கேட்டில் நிறுத்தி, இறங்காமல், கேபின் ஜன்னல் வழியாகப் பத்திரிகையை நீட்டினான்.

"மச்சான், வெள்ளிக்கெழம. வந்துருங்க."

லாரி உள்ளே போய்விட்டது. செல்லக்கண்ணு அண்ணாந்து வாங்கிய கையை இறக்காமல் நின்றார். எதிரே டீக்கடை பூங்காவனம் இருந்தாள், டீ குடிக்க வந்த லோடுமேன்கள் இருந்தார்கள். பூங்காவனம் சிரித்தாள் என்று அவர் பிறகு சொன்னார். நான் பார்த்தவரை அவள் வடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே செருப்பைக் கழற்றினார். கலைச்செல்வன் அதே இடத்தில் லாரியை நிறுத்த வேண்டும், எஞ்சினை அணைக்க வேண்டும், இறங்கி வந்து தட்டோடு அழைக்க வேண்டும். முன்பு பார்த்தவர்கள் எல்லோரும் அதையும் பார்க்க வேண்டும். அதுவரை செருப்பு கிடையாது, மடியும் கிடையாது. எஞ்சினை அணைப்பதைப் பற்றி மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

திருமானூருக்கு என்னைத் தூது அனுப்பினார். கலைச்செல்வன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். லாரியில் பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, அணைத்தால் தள்ளிவிட்டால்தான் கிளம்பும், முதலாளி புதுசு வாங்கித் தரமாட்டேன் என்கிறார், அன்றைக்குப் பின்னால் வரிசையாக நின்ற வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன, அதனால்தான் இறங்கவில்லை என்றான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற வெற்றிச்செல்வி முதலில் புருஷனைத் திட்டினாள், அப்புறம் அண்ணனை. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அண்ணங்கிட்ட சொல்லுங்க. மடிக்கு ஆளில்லன்னா எங்க மாமியா சாவுற வரைக்கும் சொல்லிக்காட்டும். அது செருப்பு போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. வெள்ளிக்கெழம எனக்கு மடி வேணும்."

இதை அப்படியே வந்து சொன்னேன். செல்லக்கண்ணுவின் காதில் பேட்டரி மட்டும்தான் விழுந்தது.

"குதிர மேல பழி போடுறான் பாத்தியா, தம்பி" என்றார்.

கலைச்செல்வன் இறங்கி வர ஒப்புக்கொண்டான். ஆனால் முதலாளி லீவு கொடுத்தது வெள்ளிக்கிழமை காலை லோடை இறக்கிய பிறகுதான். ஆகவே தட்டும் அன்று காலைதான் என்றானது. லோடு இறங்கியதும் மச்சானும் மாப்பிள்ளையும், கூட நானுமாகப் பஸ் ஏறுவது என்று ஏற்பாடு. சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். காது குத்தும் ஆசாரிக்கு மத்தியானம் வேறு ஊரில் வேலை. ஒரு போன் பண்ணி விட்டுக்கொடுத்தால் என்ன என்று செல்லக்கண்ணுவிடம் கேட்டுப் பார்த்தேன். என்னை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. பூங்காவனத்தையும் லோடுமேன்களையும் செல்லக்கண்ணு வரிசையாக நிற்கவைத்திருந்தார். கலைச்செல்வன் எஞ்சினை அணைத்தான். வெள்ளை வேட்டியோடு இறங்கி, தட்டை இரண்டு கையாலும் நீட்டினான்.

"தப்பா நெனைக்காதீங்க மச்சான். வந்து மடி குடுங்க."

செல்லக்கண்ணு உடனே வாங்கவில்லை. கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னான். தட்டை வாங்கிக்கொண்டு, ராஜ்யம் திரும்பிவந்தவர் மாதிரி பூங்காவனத்தைப் பார்த்தார். எண்ணெய் காய்கிறது, நான் போகலாமா என்று அவள் கேட்டாள். அவர் எங்கள் செக்யூரிட்டி கேபினுக்குள் போய் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

லாரி கிளம்பவில்லை.

கேட்டின் வாயில், முழு லோடோடு நின்றது. கல் ஏற்றிய லாரியைத் தள்ள யாராலும் முடியாது. பின்னால் மெயின் ரோடு வரைக்கும் வண்டிகள் சேர்ந்தன. சூப்பர்வைசர் வந்து இருவரையும் ஒரே வார்த்தையால் திட்டினார். வேறொரு லாரியைப் பிடித்து, சங்கிலி தேடி, கட்டி இழுத்து, லோடை இறக்கி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பெரம்பலூர் பஸ்ஸில் மூவரும் நின்றுகொண்டே போனோம். செல்லக்கண்ணு மட்டும் உற்சாகமாக இருந்தார்.

போனபோது ஆசாரி கிளம்பிவிட்டிருந்தார். மாமன் எங்கே, மாமன் எங்கே என்று மாமியார் ஊரைக் கூட்டியிருக்கிறாள். வெற்றிச்செல்வி தானே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையைத் தன் மடியில் வைத்து, குத்துங்க என்று சொல்லிவிட்டாளாம். குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. காதுமடலில் மஞ்சள் இருந்தது.

செல்லக்கண்ணு பந்தியில் உட்கார்ந்து, எஞ்சின் எப்படி அணைந்தது, மாப்பிள்ளை எப்படி இறங்கினார் என்று பக்கத்து இலைக்காரர்களுக்கு விளக்கினார். ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே ரசம் வாங்கினார். கலைச்செல்வன் கைகழுவும் குழாய்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். தாய்மாமன் சீராக அண்ணன் கொண்டுவந்த தோட்டுப் பெட்டியை வெற்றிச்செல்வி வாங்கி வைத்தாள். இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். வையாததால் அவளுக்கும் திருப்தி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ராத்திரி ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும் என்று பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெற்றிச்செல்வி வேகமாக வந்து, கீழே நின்றபடியே ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் பையை நீட்டினாள். விசேஷத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த தாம்பூலப் பை.

"வந்ததுக்கு ரொம்ப சந்தோஷங்க" என்றாள்.

செல்லக்கண்ணு எழுந்திருக்காமல் வாங்கிக்கொண்டார். பஸ் கிளம்பியதும், "மரியாத தெரிஞ்ச புள்ள, தம்பி" என்றார்.

பெரம்பலூர் தாண்டியதும் வாழைப்பழம் எடுக்கப் பைக்குள் கையை விட்டார். தேங்காய்க்கு அடியில் தோட்டுப் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தார். இரண்டு தோடும் உள்ளேயே இருந்தன. மூடினார். கொஞ்ச நேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"இப்ப சபதம் யாரு மேலண்ணே?" என்று கேட்டேன்.

அரியலூரில் வெறுங்காலோடு இறங்கி நடந்தார். செருப்பை நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.