ஜுல்மா திரும்பி வந்த செவ்வாய்க்கிழமைகள்

போர் முடிந்த ஏழாம் ஆண்டு, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, லெய் ஆற்றங்கரையில் உள்ள வெள்ளை அன்னம் உணவகத்தில் ஜுல்மா என்ற பசுவை எங்கள் ஊரார் முழுவதுமாகச் சாப்பிட்டு முடித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை அது சமையலறைக் கதவருகே வந்து நின்றது. அன்று தூறல். உருளைக்கிழங்கு விலை சற்று இறங்கியிருந்த வாரம். கதவைத் திறந்த உணவகக்காரன் ஓடிலோன் முதலில் அதன் நெற்றிப் புள்ளியைப் பார்த்தான். பிறகு விலாவில் முள்வேலி கிழித்த பழைய தழும்பைப் பார்த்தான். ஐயத்துக்கு இடமில்லாததால் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வியாழனன்று அவனே அறுத்த பசு அது. அதன் வாலைச் சூப்பாக்கியவள் அவன் மனைவி மரியெட். தொடைக்கறி தடித்த துண்டுகளாக வெண்ணெயில் வாட்டப்பட்டு, மிளகுக் குழம்போடு கூடத்துக்குப் போயிருந்தது. கழுத்துக்கறி கறுப்புப் பீரில் மெல்ல வெந்து, கடுகு தடவிய ரொட்டியின் கீழ்க் குழைந்திருந்தது. அதன் கொழுப்பில் உருளைக்கிழங்கு இருமுறை பொரிந்திருந்தது. எலும்பைக்கூட ஒருவரும் உறிஞ்சாமல் விடவில்லை.

ஓடிலோனுக்கு ஜுல்மா வெறும் கறிப்பசு அல்ல. அந்த இனத்துக் கன்றுகள் தசை மிகுந்து பிறப்பவை. தாயின் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். தாய் அன்றே இறந்தது. கன்று சமையலறை அடுப்பருகே வைக்கோலில் கிடந்து, அவன் கைப் புட்டிப்பாலில் வளர்ந்தது. வளர்ந்தபின் சினை பிடிக்கவில்லை. அறுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கத்தியை எடுக்குமுன் அதன் காதில், இனி உனக்கு ஓய்வு என்று சொல்லியிருந்தான். சொன்ன அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போனதுதான் அவனுடைய எஞ்சிய வாழ்க்கை.

திரும்பி வந்த பசுவை அறுப்பதில்லை என்றுதான் முதலில் முடிவு செய்தான். ஆனால் ஜுல்மாவின் தசை நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போயிற்று. கோடை பிறந்தபோது அதன் நெஞ்சைச் சுற்றிய சதையே அதன் மூச்சை நெரித்தது. படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அது கத்திய கத்தல் ஆற்றின் அக்கரைவரை கேட்டது. ஓடிலோன் அழுதுகொண்டே அறுத்தான். ஞாயிறன்று ஊர் சாப்பிட்டது. செவ்வாயன்று அது வந்தது. அதன்பின் ஒரு வாரத்துக்குள்ளேயே சதை மூச்சை நெரிக்கத் தொடங்க, வாரந்தோறும் அப்படியே நடந்தது. முதல் நற்கருணை விருந்துகளும் திருமண விருந்துகளும் வெள்ளை அன்னத்துக்கே வந்தன. பசு திரும்பி வருவது எங்கள் ஊருக்கு அதிசயம் என்பதைவிட வசதியாக இருந்தது. பங்குத்தந்தையிடம் கேட்டதற்கு, திருச்சபை இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று கூறிவிட்டு, நாக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். கிழங்கு விவசாயி கமீல் மட்டும் ஒரு ஞாயிறு தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தான்: “டேய் ஓடிலோன், உன் பசு திரும்பி வர்ற மாதிரி என் மாமியார் திரும்பி வரலையே, அந்த மட்டும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!”

ஓர் ஆண்டு கழித்து, வழிப்பயணியான டச்சுக்காரர் ஒருவர் தம் இறைச்சியில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தச் செவ்வாயன்று ஜுல்மாவின் இடத்தொடையில், அந்தத் துண்டின் அளவுக்கு, தோல் மூடிய ஒரு பள்ளம் இருந்தது. ஓடிலோன் அதைத் தடவிப் பார்த்தான். உண்ணப்பட்டதுதான் திரும்பி வருகிறது, உண்ணப்படாதது வருவதில்லை. அப்படியானால் ஒருவரும் உண்ணாவிட்டால் ஜுல்மா ஓய்ந்துவிடும். அந்த ஓர் ஆண்டில் முதல்முறையாக அன்றுதான் அவன் சீட்டியடித்ததை மரியெட் கேட்டாள்.

ஆனால் எங்கள் ஊரில் தட்டில் மிச்சம் வைக்கிறவர்கள் இல்லை. போர்க்காலப் பஞ்சத்தில் டூலிப் பூச்செடியின் கிழங்கை அவித்துத் தின்றவர்கள் நாங்கள். கடைசிச் சொட்டுக் குழம்பையும் ரொட்டியால் வழித்துத் தின்றால்தான் எங்களுக்கு உண்ட கணக்கு. ஓடிலோன் கறியைக் கருக்கினான். கரியைச் சுரண்டிவிட்டுத் தின்றார்கள். உப்பை அள்ளிக் கொட்டினான்.

“என்னடா இது, கடலையே கவுத்துட்டியா?” என்றான் கமீல்.

“நல்லா இல்லன்னா வச்சிடுப்பா. ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“வைக்கிறதா? எங்கம்மா கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து காதைத் திருகிடுவா. இன்னொரு பீர் கொண்டா.”

கடைசியில் கூடத்தின் நடுவே நின்று, கையைக் கூப்பாத குறையாக, கொஞ்சமாவது மிச்சம் வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள், சிலர் அவமதிப்பாக எடுத்துக்கொண்டு, அதற்காகவே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒரு வியாழனன்று அவன் யாருக்கும் சொல்லாமல், அறுத்த ஜுல்மாவை முழு உடலாக ஆப்பிள் மரத்தடியில் புதைத்தான். நல்ல இறைச்சியை மண்ணில் போடுவதா என்று ஊர் கொதித்தது. வேலி தாண்டி மண்வெட்டியோடும் கூடையோடும் வந்தார்கள். பங்குத்தந்தையின் சமையற்காரியும் வந்தாள். தோண்டி எடுத்துப் பங்கிட்டு, அவரவர் வீட்டில் கழுவிச் சமைத்து உண்டார்கள். செவ்வாயன்று ஜுல்மா இமைகளில் மண்ணோடு வந்து நின்றது.

“நீ என்ன பண்ணினாலும் அது வரும்யா,” என்றாள் மரியெட். “விட்டுத் தொலையேன். இது பசுவா என்ன, நம்ம தலைல விழுந்த தண்டனை.” அவள் அதுவரை உயிரோடு நின்ற அந்தப் பசுவை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

இப்படியே காலம் போயிற்று. டூலிப் கிழங்கு தின்றவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். அடக்கம் முடிந்து காப்பியும் ரொட்டியும் வெள்ளை அன்னத்தில்தான். கமீலும் போனான். அவர்களுடைய பிள்ளைகள் கெண்ட் நகரிலிருந்து காரில் வந்தார்கள். இடுப்பளவைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். கொழுப்பு விளிம்பை வெட்டி ஒதுக்கினார்கள். பாதித் தட்டில் சிகரெட்டை அணைத்தார்கள். ஓடிலோன் ஒரு காலத்தில் கெஞ்சிக் கேட்ட வரம் கேட்காமலே கிடைத்தது. ஆனால் ஒருவரும் உண்ணாமல் இருந்தால்தானே ஓய்வு? புதைத்தால் ஊர் மறுபடி தோண்டிவிடும். பாதி உண்டார்கள். அதனால் பாதி வந்தது. முதலில் பின்னங்கால் ஒன்று குறைந்தது. பிறகு ஒரு தோள். ஜுல்மா சுவரில் சாய்ந்தபடி வந்தது. பிறகு சுவரில் உராய்ந்து இழுபட்டு வந்தது. அறுக்காமல் நாள் கடத்தினால் எஞ்சிய தசை வீங்கி, எஞ்சிய மூச்சை அடைத்தது. போனது திரும்பவில்லை, தட்டுகள் காலியானால் மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே முடிந்தது.

ஆகவே ஓடிலோன் முன்பு மிச்சம் வையுங்கள் என்று கெஞ்சிய அதே கூடத்தில், முடித்துவிடுங்கள் என்று கெஞ்சத் தொடங்கினான். “இன்னும் ரெண்டே வாய்தான்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” விருந்தினர் முகம் சுளித்தார்கள். உணவைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் ஒருவர், இறைச்சி அபாரம், முதலாளி தொல்லை என்று எழுதினார். அதைப் படித்து இன்னும் அதிகம் பேர் வந்து, இன்னும் அதிகம் மிச்சம் வைத்தார்கள்.

அதன்பின் ஞாயிறு மாலைகளில், கடைசிக் கார் போனதும், ஓடிலோன் சமையலறையை ஒட்டிய மேசையில் உட்கார்ந்துகொள்வான். எல்லாத் தட்டுகளும் அவன் முன் வரும். குளிர்ந்து உறைந்த குழம்பையும், பிறர் பல் பட்ட துண்டுகளையும், சாம்பல் தட்டிய கொழுப்பையும் அவன் ஒவ்வொன்றாக உண்டான்.

“அது வயிறா கிணறாய்யா?” என்று மரியெட் கத்துவாள். “டாக்டர் சொன்னது காதுல விழலையா? செத்துப் போவே!”

“ஜுல்மாவுக்குப் போக முடியலையே, மரியெட்,” என்பான், மென்றுகொண்டே.

அப்படியே ஓர் இலையுதிர்கால ஞாயிறன்று, முள்கரண்டியைப் பிடித்தபடி மேசைமேல் சாய்ந்து இறந்துபோனான். அவன் முன் இன்னும் ஏழெட்டுத் தட்டுகள் இருந்தன. மரியெட்டுக்குக் குடலில் அறுவை நடந்ததிலிருந்து இறைச்சி ஆகாது. அவள் ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்தாள், விழுங்க முடியவில்லை. தட்டுகள் குப்பைக்குப் போயின.

அடுத்த தெருக் கசாப்புக்காரர் வந்து அறுத்துக் கொடுக்க, உணவகம் மேலும் சில ஆண்டுகள் ஜுல்மாவைப் பரிமாறியது. பத்து மேசைக்கு வந்த கறி ஐந்துக்கு வந்தது, பிறகு ஒன்றுக்கு. ஒரு செவ்வாயன்று தலையும் நெஞ்சும் மட்டும் வந்தன. அதற்கடுத்த செவ்வாய்களில் ஒன்றில் மரியெட் கதவைத் திறந்தபோது அங்கே ஒன்றும் இல்லை; சூடான மூச்சு மட்டும் அவள் மணிக்கட்டில் பட்டது. அவள் குனிந்து, காற்றில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

இப்போது வெள்ளை அன்னத்தில் வேறு பசுக்களின் கறி, சுவை பரவாயில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மரியெட் வெந்நீரில் குழைத்த கிழங்குத் தோலையும் தவிட்டையும் ஒரு வாளியில் வைக்கிறாள். நக்கும் ஒலி கேட்கிறது, வாளி காலியாகிறது, குளம்போசை ஆற்றை நோக்கிப் போகிறது. அதன்பிறகும் அவள், குளிர்காலமானாலும், கதவைச் சிறிது நேரம் திறந்தே வைத்துச் சாலையைப் பார்த்தபடி நிற்கிறாள். வேறு யாரும் வருவதில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு உருளைக்கிழங்கு சீவ உட்காருகிறாள்.