சீருக்குப் போன கேஸ் அடுப்பு

2008-ல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கேஸ் அடுப்பு வீட்டுக்கு வந்த அன்றே பானுமதி முடிவு செய்துவிட்டாள், பெட்டியைப் பிரிக்கக் கூடாதென்று. வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் புதுச்சாமான் சமையலுக்கா வரும்? சீர்வரிசைக்குத்தான் போகும். விருத்தாசலத்தில் செராமிக் வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த அவள் தெருவில் பாதி அடுப்புகள் பரணில்தான் இருந்தன. அரசாங்கம் அடுப்பைக் கொடுக்கும், புத்தியையுமா கொடுக்கும்?

மகள் கயல்விழிக்கு அப்போதே மூச்சிளைப்பு. வேலிக்காத்தான் விறகை ஊதி ஊதி இருமுவாள். புகையில் நிற்காதே, கேஸில் சமை என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வருஷந்தாண்டி. போற எடத்துல ராணியாட்டம் சமைக்கலாம்" என்றாள் பானுமதி. பெற்றவளின் ஆசை, மகளுக்கு மறுத்துப் பேசவும் மனம் வரவில்லை.

கல்யாணமாகிக் கயல்விழி பெண்ணாடம் போனாள். அடுப்பும் கூடவே போனது. ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறிக்கப் போன பானுமதி, வாசலிலேயே மகளின் இருமலைக் கேட்டாள். உள்ளே அடுப்பில் காய்ந்த கரும்புச் சோகை புகைந்துகொண்டிருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி கயல்விழி ஊதிக்கொண்டிருந்தாள். மூச்சு இழுத்தது, உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"கேஸ் அடுப்பு எங்கடி?"

மகள் பரணைக் காட்டினாள். பெட்டி பிரிக்கவே இல்லை.

"எங்க சின்னவளுக்குப் பேசிக்கிட்டிருக்கோம் சம்பந்தி. அவ சீருக்கு ஆவும்னு வச்சிருக்கேன்" என்றாள் மாமியார் விருத்தாம்பாள்.

"வாயும் வயிறுமா இருக்காளேங்க. பொகை இவளுக்கு ஆவாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க."

"எப்ப சொன்னாங்க?"

"கல்யாணத்துக்கு மின்னயே."

"அப்ப நீங்க பிரிச்சுக் குடுத்தீங்களா?"

குத்திக்காட்ட அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று பானுமதி நினைத்தாள். போய்? அங்கேயும் அதே விறகுதானே.

வேறு வழி தெரியாமல் மகளை நகர்த்திவிட்டு, ஊதுகுழலை வாங்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். கண் எரிய எரிய ஊதினாள். சோறு வெந்தது. குழம்பு பாதியில் இருந்தது.

"கடைசி பஸ்ஸு போயிடும்மா" என்று சொல்லி, கயல்விழியே குழலைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.