தெளியத் தெளியக் கறுத்த பீர்

1

இக்கதை என் அண்டை வீட்டுக் கொட்டகையில் பிறந்தது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். டாஸ்மேனியாவின் பர்னி நகரில், வேலிக்கு அப்பால் மெர்வினும் அவர் மனைவி டல்சியும் வாழ்கின்றனர்.

2

தொடக்கத்தை இவ்வாறு எழுதினேன்: பக்கவாதத்திற்குப் பின் மெர்வினின் வலக்கை காற்றிலாடும் இலையைப் போல—

(உவமை வேண்டாம். கரண்டியைப் பிடித்தால் அது பாத்திர விளிம்பில் தாளமிட்டது, அவ்வளவே.)

கைப்பயிற்சிக்கென மகள் வாங்கித் தந்த பீர் வடிக்கும் சாமான்களைக் கொண்டு, அக்கையாலேயே மால்ட் எனும் முளைகட்டிய பார்லிப் பாகை அளந்து, முதன்முதலாகப் பீர் காய்ச்சினார். இது கெட்டால் இனி எதையும் தொடுவதில்லை என்றும் அறிவித்தார். டல்சி அருகில் முக்காலியிட்டுப் பட்டாணி உரித்தார்.

3

கண்ணாடி ஜாடியில் வைக்கோல் நிறமாகக் கலங்கி நின்ற பீர், தெளியத் தெளியக் கறுத்தது.

"பாரு டல்சி, டீத்தண்ணி மாதிரி ஆயிடுச்சு. பாகு கூடிப்போச்சு. எல்லாம் இந்தக் கைதான். சாக்கடைல ஊத்திடறேன்."

"யோவ், நிறுத்துய்யா! நீ போன் பேசப் போனப்ப நான்தான் ரெண்டு கரண்டி கூட ஊத்தினேன்."

"நீயா? எதுக்குடி?"

"வெளிறிப்போன பீரு எனக்குப் புடிக்காது."

"அடிப்பாவி! அப்ப என் கை சரியாத்தான் அளந்திருக்கு?"

"கை சரிதான். கட்டினவதான் சரியில்ல."

மெர்வின் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு டல்சியின் முக்காலியைத் தூக்கிக் கொட்டகைக்கு வெளியே வைத்தார்.

"இனிமே நான் காய்ச்சறப்ப உனக்கு இங்கதான் இடம்."

(அடிக்குறிப்பாக நிற்க வேண்டியது: டல்சி எதையும் ஊற்றவில்லை, அந்நேரம் வேலியோரம் என்னுடன் பேசிக்கொண்டிருந்தார். மெர்வினின் அளவும் பிழையன்று. மிதக்கும் ஈஸ்ட் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கலங்கிய பீர் வெளிறித் தோன்றுகிறது. அவை அடியில் படிந்ததும் ஒளி உள்ளே ஊடுருவுகிறது. முதலிலிருந்தே இருந்த நிறம் புலப்படுகிறது.)

4

முதல் முடிவு: மேற்கண்ட குறிப்பை நான் மெர்வினிடம் கூறுகிறேன். முக்காலி உள்ளே திரும்புகிறது. ஆயின், கணவரின் கை தவறியதென டல்சியும் நம்பினார், அதனாலேயே பொய் சொன்னார் என்பதும் மெர்வினுக்கு விளங்கிவிடும்.

இரண்டாம் முடிவு: நான் வாய் திறப்பதில்லை. அவர்—

இல்லை, இதுவும் நிற்காது. மெர்வின் நேற்றே இரண்டாம் ஜாடியை நிரப்பிவிட்டார். அதுவும் கறுக்கும். டல்சியோ கொட்டகை வாசலைத் தாண்டவே இல்லை. இம்முறை அவரால் பழியை ஏற்க இயலாது; மெர்வின் தம் கையையே குறை சொல்வார்.

காரணம் இப்போது தங்களுக்கும் தெரியும். அந்த ஜாடி தெளிவதற்குள், அவரிடம் சொல்வதா வேண்டாமா என ஒரு முடிவுக்கு வாருங்கள்.