சனவரி முதலாம் திகதிப் பொம்பிளை

கிட்ட வந்து இருங்கள், என் செல்வங்களே. ஈரச் சப்பாத்தை வாசலில் விடுங்கள், கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஆறுதலாக இருக்கவென்று போன இடத்தில், ஒரே பின்னேரத்தில் மூன்று தரம் நெஞ்சு நின்றுபோன ஒரு மனுசியின் கதையை இன்றைக்குச் சொல்லுகிறேன்.

சிவநாயகி நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவா என்ற இடத்தில் ஏழாம் மாடியில் இருந்தாள். பகலில் சிறுவர் பள்ளி ஒன்றில் சமையல். மிச்ச நேரமெல்லாம் ஊராருக்குக் கலியாணம் பேசுவாள். காசுக்கில்லை, ஆசைக்கு. நாற்பத்தொரு சோடியைச் சேர்த்து வைத்தவள். ஆனால் சாதகம் இல்லாமல் கலியாணப் பேச்சுக்கால் இல்லை என்பது அவளுடைய சட்டம். பிறந்த நேரத்தில் ஒரு நிமிடத்தை மாற்றச் சொன்னாலும் சாதகங்கள் எழுதுகிற தன் கொப்பியை மூடிக்கொண்டு எழும்பிவிடுவாள்.

புருசன் போய் ஒன்பது வருடம். ஒரே மகள் மயூரா எஞ்சினியர், இருபத்தொன்பது வயது. அவளுக்குத் தூரத்து நகரமான ஸ்தவாங்கரில் நல்ல வேலையொன்று வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "கலியாணத்தைக் கட்டிக்கொண்டு போ, தனியப் போகாதை" என்று தாய் நின்றாள். "உங்களைத் தனிய விட்டிட்டு நான் ஒரு இடமும் போகேன்" என்று மகள் நின்றாள். கிழமைக்கணக்காக இதே இழுபறி.

வெள்ளிக்கிழமை மயூரா வந்து, "அம்மா, ரெண்டு நாள் மலைக்குப் போவம். சும்மா இருப்பம். ஸ்லாப் ஆவ்!" என்றாள். ஆறுதலாயிரு என்று நோர்வேக்காரர் சொல்லுகிற சொல் அது. சிவநாயகிக்கு அது வராத வித்தை. இரண்டு நாளைக்கு மூன்று கிலோ அரிசியும் இடியப்ப உரலும் கட்டினாள். கலியாணக் கொப்பியையும் மறக்கவில்லை.

போய்ப் பார்த்தால் காட்டுக்குள் ஒரு சின்ன மரவீடு. மின்சாரம் இல்லை. குழாய் இல்லை. தண்ணீர் ஓடையில் அள்ள வேண்டும். கக்கூஸ் முப்பது அடி தள்ளி ஒரு மரப்பெட்டி.

"இதுக்கோ காசு குடுத்தனி? இப்பிடி இருக்கேலாமத்தானே நாங்கள் ஊரிலையிருந்து ஓடி வந்தனாங்கள்!"

மயூரா சிரித்தாள். மறுநாள் மத்தியானம் மெல்லச் சொன்னாள். "அம்மா, பின்னேரம் ரெண்டு பேர் வருவினம். என்னோடை வேலை செய்யிற பிரசாந், அவரின்ரை அப்பா."

சிவநாயகியின் கை இடியப்பத்துக்குக் குழைத்த மாவிலேயே நின்றது. ஒரு பெடியன், தகப்பனோடு, இந்த மலைக்கு வருகிறான். பொம்பிளை பார்க்காமல் வேறென்னத்துக்கு? மகள் தானாகவே ஒருவனைக் கண்டுபிடித்துவிட்டாள்! சந்தோசத்தை வெளியில் காட்டாமல், தன் சங்கிலியைக் கழற்றி மகளின் கழுத்தில் போட்டாள்.

"அந்தக் காற்சட்டையை மாத்து. தேத்தண்ணியை நீதான் கொண்டு போகோணும்."

"நீங்களே கொண்டு போங்கோம்மா. நான் கொட்டிப்போடுவன்."

வெட்கம் என்று நினைத்தாள் தாய்.

காரில் வந்தவர்களில் பிரசாந்துக்கு முப்பத்திரண்டு இருக்கும். தகப்பன் அரசரத்தினம், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டிய நெடிய மனிதர். கையில் ஒரு வாளி தண்ணீர்.

"வாளி வாசல்ல வெறுமையாக் கிடந்திச்சு. மறுகா நீங்க ஓடைக்கு அலையக் கூடாதெண்டு நானே அள்ளிட்டு வந்தன்."

பிறகு என்பதற்கு 'மறுகா' என்ற சொல் காதில் விழுந்ததுமே சிவநாயகிக்கு விளங்கிவிட்டது. மட்டக்களப்பார். பரவாயில்லை, திங்கட்கிழமை ஸ்தவாங்கருக்குப் பதில் சொல்ல இருக்கும்போது, எங்கள் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைதான் வேண்டுமென்று நிற்க முடியுமா? தேத்தண்ணித் தட்டத்தைத் தானே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினாள்.

"தம்பிக்கு என்ன நட்சத்திரம்?"

"தெரியாது அன்ரி."

"குடிக்கிறனீங்களோ?"

"வீட்டிலை விடாயினம்."

"ஆர் விடாயினம்? அம்மாவோ?"

"அம்மா செத்து ஆறு வருசம், அன்ரி. என்ரை மனுசி ஜெனிதாதான் விடமாட்டா. எங்களுக்குக் கலியாணமாகி மூண்டு வருசம்."

இதுதான் பிள்ளைகளே, முதலாம் தரம். சிவநாயகி தட்டத்தைப் பார்த்தாள், பிரசாந்தைப் பார்த்தாள். பெடியன் கலியாணமானவன். அந்த அறையில் மிச்சமிருந்த ஆம்பிளை ஒருவர்தான், அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ! என்ரை பிள்ளையைப் பாக்கவோ வந்தனீங்கள்? அவளின்ரை அப்பா இருந்தா உங்கட வயசு! உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ? எழும்புங்கோ!"

அரசரத்தினத்துக்குத் தேத்தண்ணி புரையேறியது. கண்ணில் தண்ணீர் வர இருமினார். பிரசாந் முதுகில் தட்டிக்கொண்டே, "மயூரா, நீ இன்னும் சொல்லேல்லையோ?" என்று கத்தினான்.

"அம்மா," மயூராவின் குரல் நூல் மாதிரி வந்தது. "என்னையில்லை. உங்களை."

இது இரண்டாம் தரம். சிவநாயகி அப்படியே மர வாங்கில் இருந்துவிட்டாள். சேலைத் தலைப்பில் மாவு. எதிரே, தன் கையாலேயே கொண்டுவந்து வைத்த தேத்தண்ணித் தட்டம். நாற்பத்தொரு பொம்பிளைகளுக்குத் தட்டம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள், நாற்பத்திரண்டாவதாகத் தானே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஓடிப்போகலாமென்றால் திரும்பிப் போகிற பஸ் ஞாயிற்றுக்கிழமைதான். கக்கூசுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளலாம், வேறு வழியில்லை.

"சனம் என்ன சொல்லும் எண்டு யோசிச்சியோடி?"

"சனத்துக்கு நீங்கள்தானே அம்மா கலியாணம் பேசிறனீங்கள். அதுகள் சொல்லட்டும்."

மயூரா ஒரு தாளை நீட்டினாள். தாயுடைய கொப்பியில் இருக்கிற படிவமேதான், மகளின் கையெழுத்தில் நிரப்பியது. பெயர்: சிவநாயகி. பிறந்த திகதி: சனவரி ஒன்று. வயது: ஐம்பத்தெட்டு. குணம்: சண்டை பிடிப்பா, பிறகு சாப்பாடு தருவா. எதிர்பார்ப்பு: சாதகக் கொப்பியோடை தனிய இருந்து கதைக்கிறதை நிப்பாட்ட ஒராள்.

கடைசி வரியைச் சிவநாயகி இரண்டு தரம் வாசித்தாள். கதைத்தது யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"போனிலை பொருத்தமும் பாத்தனாங்கள்" என்றான் பிரசாந் பயந்து பயந்து. "பத்துக்கு எட்டு, அன்ரி."

"எந்தத் திகதியைப் போட்டுப் பாத்தனீங்கள்?"

"உங்கட பாஸ்போட்டிலை இருக்கிறதை. அப்பான்ரையும் சனவரி ஒண்டுதான், வருசம் மட்டும் வேறை."

மூன்றாம் தரம் நெஞ்சு நின்றது அப்போதுதான். சிவநாயகி நிமிர்ந்தாள். "ரெண்டு பேரும் சனவரி ஒண்டோ? மயூரா, அது நோர்வேயிலை வந்திறங்கின பதட்டத்திலை நான் வாயிலை வந்தபடி சொன்ன திகதியும் வருசமுமடி! நான் ஆவணியிலை பிறந்தவள். வருசாவருசம் நீ கேக் வெட்டினாய், நானும் பேசாமல் ஊதினனான்."

மயூரா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப என்ரை அம்மாவின்ரை பிறந்தநாளே எனக்குத் தெரியாதோ?"

அரசரத்தினம் இப்போது இருமலில்லாமல் பேசினார். "என்ட திகதியும் அப்பிடிச் சொன்னதுதான். சாதகம் வீட்டோட சேந்து அழிஞ்சிட்டு. நான் எந்த நேரம் பிறந்தனெண்டு சொல்ல ஒருத்தரும் இப்ப இல்ல. பிள்ளையள் இழுத்ததுக்கு நானும் வந்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க. மறுகா நாங்க போறம்."

போகட்டும் என்று விட்டிருக்கலாம். பொருத்தம் பொய், திகதி பொய், மாப்பிள்ளையிடம் சாதகமே இல்லை. அவளுடைய சட்டப்படி கொப்பியை மூடிக்கொண்டு எழும்ப வேண்டிய இடம் இது. மானத்தோடு தப்பவும் இதைவிட வழியில்லை. அரசரத்தினம் சப்பாத்தைப் போட வாசலில் குனிந்தார். அவருக்குப் பக்கத்தில் அந்த வாளி, விளிம்புவரை தண்ணீரோடு.

"மயூரா, பேனை எங்கை?"

சிவநாயகி தாளை மடியில் வைத்துச் சனவரியை வெட்டினாள். ஆவணி என்று எழுதினாள். ஐம்பத்தெட்டை வெட்டி அறுபது என்று எழுதினாள்.

"பொய்த் திகதியோடை என்ரை படிவம் ஒருத்தரின்ரை கையிலையும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கொப்பியில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திருப்பினாள். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இஞ்சை வந்து இருங்கோ. பேர் தெரியும். சாதகம், இல்லை எண்டு எழுதுறன். எதிர்பார்ப்பு?"

அரசரத்தினம் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார். "இடியப்பம்" என்றார்.

"எழுதியாச்சு. யோசிச்சுத்தான் சொல்லுவன். அவசரப்படுத்தக் கூடாது."

"பஸ் ஓடினவன் நான், காத்து நிக்கப் பழகினவன்."

சிவநாயகி மகளின் பக்கம் திரும்பினாள். "நீ திங்கட்கிழமை ஸ்தவாங்கருக்கு ஓம் எண்டு சொல்லு. என்ரை பேச்சுக்காலை இனி நான் பாக்கிறன். அந்தச் சங்கிலியையும் கழட்டித் தா, அது பொம்பிளைக்குப் போட்டது."

அவ்வளவுதான், என் செல்வங்களே. அன்றைக்கு அந்த அடுப்பில் இடியப்பம் நான்கு பேருக்கு அவிந்தது. நீங்களும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வாசலில் வெறும் வாளி கிடந்தால், கேட்காமலே நிரப்புகிற கையொன்று அந்த வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும். உங்கள் அம்மாமார் பிறந்த நாளை நீங்கள் சரியாக அறிந்து, நெடுங்காலம் கேக் வெட்டி, நிறைவாக இருங்கள்.