சாரலில் சரியான ஏசி

மேலகரத்தில் ஜெபஸ்டினுடைய கார் ஏசி ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற யாரும் ஜெபஸ்டினைத் தேடி வருவதில்லை. வண்டியை நிறுத்தி இறங்கியதும், "அக்கா இல்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

அக்கா என்பது அவன் பெண்டாட்டி பெர்சிஸ். நான்கு வருடத்துக்கு முன்னால் பில் எழுத வந்து உட்கார்ந்தவள். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள், பிறகு ஏசி கேஸின் பிரஷரைக் காட்டும் கேஜைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள், இப்போது பானெட்டைத் தூக்கியதுமே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுகிறாள். ஊர் மெச்சியது. ஜெபஸ்டினும் கூடவே சிரித்து வைத்தான், உள்ளே வயிறு எரிந்தது. பக்கத்துக் கடைக்காரன் மேல் பொறாமை என்றால் டீக்கடையில் நாலு பேரிடம் புலம்பி ஆற்றிக்கொள்ளலாம். சொந்தப் பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிறவன் எங்கே போய்ப் புலம்புவான்?

யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, ஜெபஸ்டின் கை வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனி மாதக் கடைசியில் நமசிவாயம் அண்ணாச்சி வந்தார். திருவேங்கடத்தில் மக்காச்சோள வியாபாரம் செய்கிறவர், குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் வண்டியை விட்டார். ஏசியில் சூடான காற்று வருகிறதாம். பெர்சிஸ் எழுந்து வருவதற்குள் ஜெபஸ்டின் முந்திக்கொண்டான். கேஸ் கொஞ்சம் குறைந்திருந்தது. நிரப்பினான். குற்றாலம் வரை ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்தான். உள்ளே பல் கிட்டியது.

"நல்ல வெயில்ல ஒரு கால் மணி நேரம் நிறுத்திப் பாத்துட்டுக் கொடுப்போமே" என்றாள் பெர்சிஸ்.

"சீசன் நேரத்துல வெயிலுக்கு எங்கன போவ? எல்லாம் சரியாத்தான் இருக்கு."

சாரல் தூறிக்கொண்டிருக்கும்போது குற்றாலத்தில் எந்த ஏசிதான் குளிராது? கண்ணாடியை இறக்கினாலே குளிரும். அதைக்கூட யோசிக்கவிடாமல் பொறாமை அவன் புத்தியை மறைத்தது.

மூன்றாம் நாள் அண்ணாச்சி வியர்வையில் சட்டை நனைய வந்து இறங்கினார். "வண்டி ஓடும்போது சுமாரா இருக்கு தம்பி. களத்துல நிறுத்திட்டா அனலாக் கொட்டுது. எங்க ஊரு வெயில் தெரியும்லா? பெர்சிஸ் எங்க? அது பாக்கட்டும்."

பெர்சிஸ் அன்று ஆய்க்குடியில் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். அதைச் சொல்லியிருந்தால் போதும். ஜெபஸ்டினுக்கு வாயில் சனி.

"அவ நின்னுட்டா அண்ணாச்சி. இனிமே கடைக்கு வரமாட்டா."

"அடப்பாவமே! நல்ல கைராசிக்காரியாச்சே."

அந்தக் கைராசி அவனைச் சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு இந்த வண்டியைச் சரிபண்ணாமல் விடுவதில்லை என்று வீம்பு பிடித்தான். "ஏறுங்க அண்ணாச்சி, உங்க ஊருக்கே போயிப் பாப்போம்" என்று டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினான்.

தென்காசி தாண்டி, சங்கரன்கோவில் தாண்டி, சாரல் எல்லாம் போய் வானம் வெளுத்தது. திருவேங்கடத்தில் மொட்டை வெயிலில் களத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்தான். கேஜ் மாட்டினான். பிரஷர் ஏறிக்கொண்டே போனது. உள்ளே காற்று வெதுவெதுப்பாகி, பிறகு சூடாகிவிட்டது. ஜெபஸ்டின் குனிந்து முன்பக்கம் பார்த்தான். கேஸின் சூட்டை இறக்குகிற கண்டன்சருக்குக் காற்று அடிக்க வேண்டிய பேன் அசையாமல் நின்றது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்தது, குற்றாலத்தில் சாரல் செய்தது. இங்கே நிறுத்தினால் செய்ய ஆளில்லை.

மோட்டாரா, ரிலேயா? பேனுக்குக் கரண்டை அனுப்புகிற ரிலே கட்டை விரல் அளவுதான் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, ஹாரனுக்கு இருந்த அதே மாதிரி ரிலேயைக் கழற்றி அங்கே செருகினான். பேன் விர்ரென்று சுற்றியது. ஐந்தே நிமிடத்தில் உள்ளே சில்லென்று ஆனது. கடைத்தெருவில் புது ரிலே வாங்கிப் போட்டு, ஹாரனுடையதைத் திரும்ப மாட்டினான்.

அண்ணாச்சி ஏசிக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு, "பெர்சிஸே தோத்துட்டா போ! ஜெபஸ்டின் கை வச்சா வச்சதுதான்" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. தென்காசி வரை நின்றுகொண்டே வந்தான், கால் வலிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பெர்சிஸ் ஆய்க்குடியிலிருந்து திரும்பியிருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணாச்சி போன் பண்ணுனாங்க. உங்களப் புகழ்ந்து தள்ளிட்டாங்க."

அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

"நான் கடைய விட்டு நின்னது மட்டும் அவங்களுக்கு வருத்தமாம்." அவள் குரல் உயரவில்லை. "நான் எப்பங்க நின்னேன்?"

ஜெபஸ்டின் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தான். டம்ளர் காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"தென்காசியில ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல மூணு மாசமாக் கூப்பிட்டுட்டு இருந்தாங்க. உங்களுக்கு மனசு கஷ்டமாகும்னு சொல்லல. எங்க கடைய விட்டு வரமாட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு வாரேன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை சேருதேன்."

"பெர்சி... ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"தவறல. நாலு வருசமா உங்க முகத்தப் பாக்கத்தான் செய்யுதேன்."

அவள் அடுக்களைப் பக்கம் போனாள், பாதியில் நின்று திரும்பினாள். "ஆமா, என்ன கோளாறு அது?"

"பேன் ரிலே."

"ரிலேயா! நான் கம்ப்ரசர்னுல்லா நினைச்சிருந்தேன்." முகம் ஒரு நொடி மலர்ந்தது. கள்ளமில்லாமல் சொன்னாள்: "நீங்க கெட்டிக்காரருங்க."

நான்கு வருடமாக அவன் ஏங்கியது அவள் வாயாலேயே வந்தது. அதைக் கேட்டதும் சந்தோஷம் வரும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். திங்கட்கிழமையிலிருந்து எவனோ ஒருத்தன் அவள் பக்கத்தில் நின்று, அவளோடு கேஜைப் பார்த்து, அவளிடம் இதே சொல்லை வாங்குவானே என்றுதான் வயிறு எரிந்தது.